மலேசியக் கடற்கரையும் மீன் விருந்தும்

டில்லி, நாகபுரி, போபால் போன்ற உள்நாட்டு நகரங்களில் நெடுநாளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குப் போகும்போது, ரயிலை விட்டு இறங்கிய இரண்டாம் நாளே குழந்தைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குச் சென்றுவிடுவார்கள். குழந்தைகள் அலையில் கால் நனைக்கும். பெரியவர்கள் வலையிலிருந்து இறக்கிய மீனை விலை பேசுவார்கள். மாலையில் வீடு திரும்பினால் சட்டியில் குழம்பு கொதிக்கும். பனிக்கட்டியில் புதைந்து பல நாள் பயணம் செய்து வரும் மீனையே கண்டு பழகிய நமக்கு, கடலைக் காண்பதும் கடல் மீனை உண்பதும் ஒரே மகிழ்ச்சியின் இரு பகுதிகள்.

இந்த மகிழ்ச்சியை ஒரு நாட்டு மக்கள் அனைவருமே தங்கள் விடுமுறை வழக்கமாகக் கொண்டிருப்பதைக் காண வேண்டுமானால் மலேசியாவைத்தான் காண வேண்டும். அங்கே பெரியப்பா குடும்பமோ, அத்தை குடும்பமோ இருப்பவர்கள் நம்முள் பலர். அவர்களைப் பார்க்கச் செல்லும்போதோ, நாமாகவே சுற்றுலாச் செல்லும்போதோ, எந்தக் கரைக்கு எந்தக் காலத்தில் செல்வது, அங்கே என்ன உண்பது, எதை விட்டுவிடுவது என்பவற்றை அறிந்து செல்வது நல்லது. இவற்றுக்கெல்லாம் விடை இரண்டே விதிகளில் அடங்கும்: காற்றைக் கேட்டுப் புறப்பட வேண்டும், கடலைக் கேட்டு உண்ண வேண்டும். இவ்விரு விதிகளின் பொருளை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நாட்டின் அமைப்பைக் காண்போம். மலேசியா இரு பெரும் நிலப்பகுதிகளால் ஆனது. ஒன்று, பழைய மலாயா எனப்படும் தீபகற்பம். மற்றொன்று, தென்சீனக் கடலுக்கு அப்பால் போர்னியோத் தீவின் வடபகுதியில் உள்ள சபா, சரவாக் மாநிலங்கள். தீபகற்பத்தின் நடுவே திதிவங்சா மலைத்தொடர் முதுகெலும்புபோல் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கே மலாக்கா நீரிணை. கிழக்கே தென்சீனக் கடல். இரண்டும் கடலே எனினும் குணத்தால் வேறுபட்டவை. மேற்குக் கடலைச் சுமத்ராத் தீவு ஒரு மதில்போல் நின்று காக்கிறது. ஆதலின் அங்கே அலை சிறிது, நீர் ஆழமற்றது, ஆறுகள் கொணரும் வண்டலும், கரையோரச் சதுப்புக் காடுகளும் மிகுதி. கிழக்குக் கரையோ திறந்த கடலை நோக்கியது. அங்கே மணல் வெண்மையானது, நீர் தெளிந்தது, அலை வலியது.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றே, தென்சீனக் கடலின் மேல் நீண்டு வந்து, நவம்பர் முதல் மார்ச்சு வரை மலேசியாவின் கிழக்குக் கரையைத் தாக்குகிறது. அப்போது கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களில் பெருமழை கொட்டும். 2014 டிசம்பரில் கிளந்தானில் ஏற்பட்ட வெள்ளம் பல்லாயிரம் குடும்பங்களை வீடிழக்கச் செய்தது. இம்மாதங்களில் கிழக்குக் கரையின் சிறு தீவுகளுக்குப் படகுப் போக்குவரத்துக் குன்றிவிடும். விடுதிகள் பலவும் கதவடைத்துவிடும். மீனவர் பலர் படகைக் கரையேற்றி வலையைச் செப்பனிடுவர். மார்ச்சுக்குப் பின் கடல் அடங்கும். ஏப்பிரல் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரைக்கு நற்காலம். மேற்குக் கரைக்கு இத்தகைய கதவடைப்பு இல்லை. ஆனால் வடமேற்கில் உள்ள லங்காவித் தீவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. டிசம்பர் விடுமுறையில் குழந்தைகளோடு செல்லும் குடும்பம் மேற்கே செல்ல வேண்டும். கோடை விடுமுறையில் செல்வது கிழக்கே செல்லலாம். காற்றைக் கேட்டுப் புறப்படுவது என்பதற்குப் பொருள் இதுவே.

மேற்குக் கரையிலிருந்து தொடங்குவோம். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் போர்ட்டிக்சன் இருக்கிறது. தலைநகர மக்கள் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய கடற்கரை இது. சிரம்பான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுவே அருகில் இருந்த கடல். சனி, ஞாயிறுகளில் சென்றால் மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் மரநிழலில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த சோற்றுப் பாத்திரங்களைத் திறந்து வைத்திருப்பதைக் காணலாம். ஊரின் தெற்கே தஞ்சோங் துவான் என்னும் முனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. அங்குள்ள கலங்கரை விளக்கத்துக்கு முதன்முதல் இடமமைத்தவர்கள் போர்த்துகீசியர். இப்போதுள்ள கோபுரம் 1863-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சுமத்ராவுக்கும் மலாயாவுக்கும் இடையே நீரிணை ஏறக்குறைய 40 கிலோமீட்டராகக் குறுகும் இடம் அது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தேன்பருந்துகள் முதலிய வேட்டைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் நீரிணையைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வதை அம்முனையிலிருந்து பார்க்கலாம்.

தெற்கே மலாக்காவை அடைந்தால் விருந்து தொடங்குகிறது. அங்கும், அதையடுத்த உம்பாய் என்னும் கடற்கரைக் கிராமத்திலும் ‘ஈக்கான் பாக்கார்’ கடைகள் வரிசையாக உள்ளன. மலாய் மொழியில் ஈக்கான் என்றால் மீன். பாக்கார் என்றால் சுடுதல். பனிக்கட்டியின் மேல் பரப்பியுள்ள மீன்களில் வேண்டியதை நாமே தேர்ந்து எடுத்து, நிறுத்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் அதன்மேல் அரைத்த மிளகாய் மசாலாவைப் பூசி, வாழையிலையில் வைத்துக் கரி நெருப்பில் வாட்டுவார். புளித்தண்ணீரில் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்ட சாறு ஒன்றைத் தொட்டுக்கொள்ளத் தருவார். திருக்கை மீன் இவ்வகையில் சுடப்படும்போது மிகுந்த சுவை பெறுகிறது. அதன் முள் குருத்தெலும்பாதலால் குழந்தைகளுக்கும் அச்சமின்றிக் கொடுக்கலாம்.

மலாக்காவின் உஜோங் பாசிரில், 1930-களில் அமைக்கப்பட்ட போர்த்துகீசியக் குடியிருப்பு ஒன்று உண்டு. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் வழிவந்த மீனவ மக்கள் அங்கு வாழ்கின்றனர். ஆண்டுதோறும் ஜூன் 29-ஆம் நாள், மீனவரின் காவலராகிய புனித பேதுருவின் விழாவில் படகுகளை அலங்கரித்து ஆசி பெறச் செய்வது அவர்கள் மரபு. முன்னாளில் அவர்கள் மார்பளவு நீரில் நடந்து, இரு கழிகளுக்கிடையே கட்டிய வலையைத் தள்ளிக்கொண்டு, ‘கெராகாவ்’ எனப்படும் பொடி இறாலைப் பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். இப்பொடி இறாலை உப்பும் சோறும் சேர்த்துப் புளிக்கவைத்தால் ‘சிஞ்சாலோக்’ ஆகும். உப்பிட்டு இடித்துப் பலமுறை உலர்த்திக் கட்டியாக்கினால் ‘பெலாச்சான்’ ஆகும். பெலாச்சானைச் சுட்டு, மிளகாயோடு இடித்து, எலுமிச்சை வகைச் சாறு பிழிந்தால் கிடைப்பது ‘சம்பால் பெலாச்சான்’. நமக்கு ஊறுகாய் எப்படியோ, மலேசியருக்கு அது அப்படி.

வடக்கே பேராக் மாநிலக் கரைக்கு அப்பால் பங்கோர்த் தீவு உள்ளது. லூமுட் என்னும் துறையிலிருந்து படகில் சிறிது நேரத்தில் அதை அடையலாம். தீவின் மேற்குப் பக்கத்தில் பாசிர் போகாக், தெலுக் நிப்பா முதலிய மணற்கரைகள் விடுமுறைக் குடும்பங்களுக்கு உரியன. கிழக்குப் பக்கம் மீனவர் ஊர்களுக்கு உரியது. அங்கே நெத்திலி மீனை வேகவைத்து உலர்த்துகிறார்கள். மலாய் மொழியில் இதற்கு ‘ஈக்கான் பிலிஸ்’ என்று பெயர். தேங்காய்ப் பாலில் வெந்த சோற்றோடு, பொரித்த நெத்திலியும் வேர்க்கடலையும் சம்பாலும் சேர்த்து உண்பதே ‘நாசி லெமாக்’ என்னும் காலை உணவு. 1670-இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டை ஒன்று இத்தீவில் உண்டு. கடலை நோக்கிய பத்திரகாளியம்மன் கோவில் ஒன்றும் உண்டு. மீன் உலரும் மணமும் கோவில் மணியோசையும் கலந்து வரும் அக்கரையில் நம்மவர்க்கு ஊர் நினைவு வராமல் இராது.

இன்னும் வடக்கே பினாங்குத் தீவு. பத்து ஃபெரிங்கி கடற்கரை குடும்பங்கள் விரும்பும் இடம். 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பாலமும், 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் தீவை நிலத்தோடு இணைக்கின்றன. இத்தீவின் புகழ்பெற்ற உணவு ‘அசாம் லக்சா’. கெம்போங் என்னும் மீனை வேகவைத்து உதிர்த்து, புளிப்பேறிய சாற்றில் கொதிக்கவிட்டு, தடித்த அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றுகிறார்கள். அதன்மேல் இஞ்சி இனத்தைச் சேர்ந்த ‘புங்ஙா காந்தான்’ என்னும் பூமொட்டை அரிந்து தூவி, கரிய இறால் விழுதைச் சிறிது கலக்கிறார்கள். கெம்போங் மீன் வேறொன்றும் அன்று, நம் கானாங்கெளுத்தியேதான். நம் வீடுகளில் புளிக்குழம்பாகும் மீன், அங்கே சீனரின் நூலுணவோடும் மலாய்க்காரரின் மூலிகைகளோடும் கூடி வேறோர் உருவம் பெறுகிறது.

இத்தீவிலேயே தழைத்த ‘நாசி கந்தார்’ தமிழ் முஸ்லிம்களின் கொடை. காவடிக் கழியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் கறிப் பானைகளும் தொங்க, தெருத்தெருவாகச் சென்று துறைமுகத் தொழிலாளருக்கு உணவு விற்றவர்கள் அவர்கள். தோளில் சுமக்கும் அக்கழிக்கே கந்தார் என்று பெயர். இன்று அவை பெரிய கடைகளாகிவிட்டன. மீன் குழம்பு, பொரித்த மீன், மீன் சினை, கணவாய்க் கறி என்று பலவகைக் கறிகளின் சாறுகளை ஒரே சோற்றின்மேல் கலந்து ஊற்றுவது அவற்றின் தனிச்சிறப்பு. சிங்கப்பூரில் தோன்றி மலேசியாவெங்கும் பரவிய மீன் தலைக் கறியையும் இங்கே குறிப்பிடலாம். தலையை விரும்பி உண்ணும் சீனரின் வழக்கமும் நம் குழம்பும் கூடிப் பிறந்த பிள்ளை அது.

சொற்களும் இவ்வாறே கலந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் உணவுக் கடையின் விலைப் பட்டியலைக்கூட அகராதியைப் படிப்பதுபோல் படிப்பான். மலாய் மொழியில் கடைக்குக் ‘கெடாய்’, கறிக்குக் ‘காரி’, கப்பலுக்குக் ‘காப்பால்’. இம்மூன்றும் தமிழிலிருந்து சென்றவை என்பது அறிஞர் பலரின் கருத்து. வௌவால் மீனை அவர்கள் ‘பாவால்’ என்கிறார்கள்; நம் மீனவர் வாவல் என்பதோடு அதன் ஒலி எவ்வளவு நெருங்கி நிற்கிறது! மற்றப் பெயர்களையும் அறிந்துகொண்டால் கடையில் தயங்க வேண்டியதில்லை. தெங்கிரி என்பது வஞ்சிரம். சியாக்காப் என்பது கொடுவா. தொங்கோல் என்பது சூரை. பாரி என்பது திருக்கை. ஊடாங் என்பது இறால். கெத்தாம் என்பது நண்டு. சோத்தோங் என்பது கணவாய்.

இனிக் கிழக்குக் கரைக்குச் செல்வோம். பகாங் மாநிலத் தலைநகரான குவாந்தானை ஒட்டிய தெலுக் செம்பெடாக் கடற்கரையில் தொடங்கி, வடக்கே செராத்திங், டுங்குன், மாராங் வழியாகக் கோலத் திரங்கானு வரை தென்னஞ்சோலையும் மணலும் மீனவர் ஊர்களும் மாறிமாறி வரும். மேற்குக் கரையைக் காட்டிலும் இங்கே ஆரவாரம் குறைவு. மலாய் மீனவரின் வாழ்க்கையை நெருங்கிக் காண வாய்ப்பு மிகுதி. சாலையோரத்தில் ஆவி பறக்கும் கடைகளில் ‘கெரொப்போக் லேக்கோர்’ விற்பார்கள். மீன் சதையைச் சவ்வரிசி மாவுடன் பிசைந்து, நீண்ட உருளைகளாகத் திரட்டி, வேகவைத்து, பிறகு பொரித்தெடுப்பது அது. இனிப்பும் காரமும் கலந்த சாற்றில் தொட்டு உண்ணும் குழந்தைகள் அவ்வளவு எளிதில் எழுந்து வரமாட்டார்கள். அதே உருளையை மெல்லிய வில்லைகளாக அரிந்து வெயிலில் உலர்த்தினால் நம் அப்பளம்போல் பொரிக்கத்தக்க வற்றலாகும். மழைமாதங்களில் கடல் மூடிக்கிடக்கும்போது குடும்பத்தைக் காப்பாற்றும் சேமிப்பு இவ்வகை உலர் பண்டங்களும் கருவாடுமே ஆகும்.

திரங்கானு, கிளந்தான் மக்களின் காலை உணவு ‘நாசி டாகாங்’. தேங்காய்ப் பாலும், வெந்தயமும், சிறு வெங்காயமும் சேர்த்து ஆவியில் வேகவைத்த சோற்றுக்குச் சூரைமீன் கறியைத் துணையாகக் கொடுப்பார்கள். சோற்றில் வெந்தயம் மணப்பதைக் கண்டு தமிழ்த் தாய்மார்கள் வியப்படைவது உறுதி. மீன் சதையைத் தேங்காய்த் துருவலும் மசாலாவும் சேர்த்து அரைத்து, வாழையிலையில் முக்கோணமாக மடித்து, குச்சியில் கோத்துச் சுடும் ‘சாத்தார்’ என்னும் பண்டமும் இக்கரைக்கே உரியது.

கரைக்கு அப்பால் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் முதலிய தீவுகள் உள்ளன. பெர்ஹெந்தியான் என்ற சொல்லுக்குத் தங்குமிடம் என்று பொருள். இத்தீவுகளைச் சூழ்ந்த பவளத் திட்டுகளைக் கண்ணாடி அணிந்து நீரில் மிதந்தபடியே பார்க்கலாம். 1994-ஆம் ஆண்டு இத்தீவுகளின் கடற்பகுதி பாதுகாக்கப்பட்ட கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை மீன் பிடித்தலும் பவளம் ஒடித்தலும் அங்கே தடைசெய்யப்பட்டவை. குழந்தை ஆசையாக ஒரு பவளத் துண்டை எடுத்து வந்தால் அதை மீண்டும் கடலில் இடச் செய்வது பெற்றோர் கடமை.

சபா, சரவாக் பற்றி ஒரு சொல். சபாவின் கோத்தா கினபாலு நகருக்கு எதிரே ஐந்து தீவுகளைக் கொண்ட துங்கு அப்துல் ரகுமான் பூங்கா 1974 முதல் இருந்துவருகிறது. அம்மாநிலத்துக் கடசான் மக்கள் வஞ்சிர மீனைத் துண்டாக்கி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, இஞ்சி, மிளகாய், வெங்காயம் சேர்த்து, அடுப்பில் ஏற்றாமலே உண்பர். அதற்கு ‘ஹினாவா’ என்று பெயர். சரவாக்கின் மெலனாவ் மீனவரும் இதைப்போன்ற ‘உமாய்’ என்னும் உணவைப் படகிலேயே தயாரித்து உண்டவர்கள். அன்றைய மீன் அன்றே உண்ணப்படும் இடங்களில்தான் இத்தகைய உணவு பிறக்க முடியும்.

நடைமுறைக்கு வேண்டிய சில செய்திகளையும் சொல்ல வேண்டும். கடல் உணவுக் கடைகளில் மீன், நண்டு, இறால் முதலியவற்றின் விலை பெரும்பாலும் எடைக்கணக்கில், அதுவும் 100 கிராமுக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கும். அதை முழு மீனின் விலை என்று எண்ணி ஏமாறுதல் கூடாது. நிறுத்தபின் மொத்த விலையைக் கேட்டுவிட்டே சமைக்கச் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையின் மழைக்காலத்திலும், சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் மீன் விலை உயர்வது வழக்கம்.

குடும்பத்தில் மரக்கறி உண்பவர் இருந்தால் ஒரு முன்னெச்சரிக்கை அவசியம். கீரையாக இருக்கிறதே என்று எண்ணி வாங்கும் ‘காங்கோங்’ பொரியலில் பெலாச்சான் இருக்கக்கூடும்; பார்வைக்குத் தெரியாது. லக்சாவின் சாறு, சம்பால் எல்லாம் அப்படியே. இறால், மீன் ஒன்றும் வேண்டாம் என்று தெளிவாகக் கேட்பதே வழி. நம்மவர் நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் பல நகரங்களில் இருப்பதால் பட்டினி கிடக்க நேராது.

சிப்பி வகைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சபாவின் கடலில் சில காலங்களில் நுண்ணுயிர்கள் பெருகி நீர் செந்நிறமாகும். 1976 முதல் அங்கு அறியப்பட்ட இச்செங்கடல் நிலையில் சிப்பிகளில் நஞ்சு சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. மீன்வளத் துறையினர் அறிவிப்பு விடுக்கும் காலத்தில் சிப்பியைத் தொடாமல் இருப்பதே அறிவுடைமை. கிழக்குக் கரையில் சிவப்புக் கொடி பறக்கும் நாளில் குழந்தைகளைக் கடலில் இறக்குவதும் கூடாது.

இதுவரை சொன்னவை வாய்க்கும் கண்ணுக்கும் இன்பமானவை. ஆனால் கடலைக் கேட்டு உண்ண வேண்டும் என்ற இரண்டாம் விதியை மறந்தால் என்ன நேரும் என்பதற்குத் திரங்கானுக் கரையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. டுங்குனுக்கு வடக்கே ரந்தாவ் அபாங் என்னும் கடற்கரை உண்டு. கடலாமைகளுள் மிகப் பெரியதாகிய தோல்முதுகு ஆமை, ஓட்டுக்குப் பதிலாகத் தடித்த தோலை உடையது. பல நூறு கிலோ எடை வளர்வது. மே முதல் செப்டம்பர் வரை அது இரவில் அக்கரைக்கு ஏறி வந்து, மணலில் குழி தோண்டி முட்டையிடும். 1950-களின் நடுவில் ஓராண்டில் அங்குக் காணப்பட்ட முட்டைக் குழிகள் ஏறக்குறைய 10,000. அக்காட்சியைக் காணவே குடும்பங்கள் கூட்டங் கூட்டமாக வந்தன. விளக்கைப் பாய்ச்சியவர்கள் உண்டு. முட்டையிட்டுத் திரும்பும் ஆமையின் முதுகில் குழந்தைகளை ஏற்றி உட்காரவைத்தவர்களும் உண்டு. காலையில் அதே முட்டைகள் சந்தையில் விற்பனைக்கு வந்தன. விடுமுறையின் நினைவாக அவற்றை வாங்கி உண்டவர்களில் ஒருவரும் தீயவர் அல்லர். தாம் ஒருவர் உண்பதால் கடல் வற்றிவிடுமா என்று எண்ணிய சாதாரண மக்களே.

ஆமை முதிர்ச்சியடைய நெடுங்காலம் ஆகும். ஆதலின் முட்டைகளை ஆண்டாண்டாக எடுத்ததன் விளைவு உடனே தெரியவில்லை. முதிர்ந்த ஆமைகள் வந்துகொண்டிருந்தவரை எல்லாம் நலமாகவே இருப்பதுபோல் தோன்றியது. 1961-இல் முட்டைகளில் ஒரு பகுதியைக் காத்துப் பொரிக்கவைக்கும் முயற்சி தொடங்கப்பட்டது. ஆனால் ஆழ்கடலிலும் கரையோரத்திலும் விரிக்கப்பட்ட பெருவலைகளில் சிக்கி மாண்ட ஆமைகளும் ஏராளம். 1988-இல் ரந்தாவ் அபாங் ஆமைகளின் சரணாலயமாக்கப்பட்டு, தோல்முதுகு ஆமையின் முட்டை விற்பனை தடுக்கப்பட்டது. காலங்கடந்துவிட்டது. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் முட்டைக் குழிகளைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. ஒன்றுகூட இல்லாத ஆண்டுகளும் வந்தன. 2022-இல் திரங்கானு மாநிலம் எல்லாவகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் தடைசெய்தது. ரெடாங் தீவிலும் சபாவின் ஆமைத் தீவுகளிலும் இன்னும் முட்டையிட வரும் பச்சை ஆமைகளுக்காவது அத்தடை துணை நிற்கும் என்பது நம்பிக்கை.

ஆமைக்கு நேர்ந்தது மீனுக்கும் நேரக்கூடும். 1960-களில் இழுவை மடிப் படகுகள் பெருகியபோது, மலாக்கா நீரிணையில் சிறு மீனவருக்கும் அவர்களுக்கும் பெரும் சச்சரவுகள் மூண்டன. நம் சோழமண்டலக் கரையிலும் பின்னர் இத்தகைய பூசல்களைக் கண்டிருக்கிறோம். 1980-களின் தொடக்கத்தில், கரையை ஒட்டிய ஐந்து கடல் மைல் அளவைச் சிறு மீனவருக்கென்றே மலேசிய அரசு ஒதுக்கியது. மீன்குஞ்சுகளும் இறாலும் வளர்வது பெரும்பாலும் அந்த ஆழமற்ற நீரிலும், அதையடுத்த சதுப்புக் காட்டின் வேர்களுக்கிடையிலுமே. பேராக் மாநிலத்து மாத்தாங்கில் ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் சதுப்புக் காடு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து முறையாகப் பேணப்பட்டு வருகிறது. பகுதி பகுதியாக மரம் வெட்டிக் கரி சுடுகிறார்கள். வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்க்கிறார்கள். அக்காட்டின் ஓரத்தில் சிப்பியும் இறாலும் மீனும் நூறாண்டுக்கு மேலாகக் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அளவறிந்து எடுத்தால் கடல் வற்றாது என்பதற்கு அதுவே சான்று.

விருந்தினராகச் செல்லும் நாம் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். விலையுயர்ந்த பெருமீனையே நாடாமல், கெம்போங், நெத்திலி, சூரை போன்ற விரைந்து பெருகும் மீன்களை விரும்பிக் கேட்கலாம்; அசாம் லக்சாவும் நாசி டாகாங்கும் அவற்றிலிருந்து பிறந்தவையே. சினை தாங்கிய நண்டையும், விரலளவுகூட வளராத குஞ்சு மீனையும் வேண்டாம் என்று மறுக்கலாம். ஆமை முட்டை எங்கேனும் மறைவாக விற்கப்பட்டால் வாங்காதிருக்கலாம். மழைக்காலத்தில் கடைக்காரர் இன்று இன்ன மீன் இல்லை என்றால், முகம் சுளிக்காமல் இருப்பதை உண்டு எழலாம். இவை பெரிய தியாகங்கள் அல்ல.

கடலில்லாத ஊர்களில் வளரும் நம் குழந்தைகள், ஓராண்டில் சில நாட்களே கடலைக் காண்கிறார்கள். அந்தச் சில நாட்களில் அலையில் விளையாடக் கற்பதோடு, தட்டில் வந்த மீன் எந்தக் காற்றில், எந்தக் கரையில், யாருடைய உழைப்பால் வந்தது என்பதையும் அவர்கள் கேட்டறியட்டும். ரந்தாவ் அபாங்கில் அன்று ஆமையின் முதுகில் உட்கார்ந்த குழந்தைகள் இன்று தாத்தா பாட்டிகளாகியிருப்பார்கள். தம் பேரக் குழந்தைகளை அதே மணலுக்கு அழைத்துச் சென்றால், அவர்கள் சொல்லிக் காட்டக் கதை உண்டு. காட்டுவதற்கு ஆமை இல்லை. நம் பிள்ளைகள் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் காலத்தில், உம்பாயின் கரி நெருப்பில் மீன் இருக்க வேண்டும். பங்கோரின் வெயிலில் நெத்திலி உலர வேண்டும்.